ஹெஸ்ஸே-காசல் படை

ஜெர்மனியின் நடுப்பகுதியில் காசல் நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த சிற்றரசு ஹெஸ்ஸே-காசல். 'லாண்ட்கிராஃப்' எனப்பட்ட அதன் மன்னர்கள், தம் படையைப் பிற அரசுகளுக்கு வாடகைக்கு விட்டுக் கருவூலத்தை நிரப்பினர். 1687இல் லாண்ட்கிராஃப் கார்ல் வெனிஸ் குடியரசுக்காக 1,000 பேரைக் கிரேக்கத்துக்கு அனுப்பினார். அடுத்த நூற்றாண்டில் படையை அதிகம் அமர்த்திக்கொண்டது பிரிட்டன்.

1762இல் ஆள்சேர்ப்பு வட்டவாரியாக ஒழுங்குசெய்யப்பட்டது. வரி கட்டும் நிலவுடைமையாளர்களுக்கு விலக்கு இருந்ததால், சுமை சொத்தில்லாத வீட்டுப் பிள்ளைகள் மேல் விழுந்தது. வனக்காவலர், வேட்டைக்காரர் குடும்பத்தினர் 'யேகர்' பிரிவில் சேர்ந்தனர். பச்சைச் சீருடையும், குறி தவறாத குட்டை ரைஃபிளும் இவர்களுடைய அடையாளம். அந்த ரைஃபிளின் முனையில் கத்தி பொருத்த முடியாது. சுட்டு முடித்து மறுபடி மருந்து கெட்டிக்க நேரமாகும். எனவே கைகலப்பில் இவர்களுக்குக் காலாட்படையின் துணை தேவைப்பட்டது.

1776 ஜனவரியில் லாண்ட்கிராஃப் இரண்டாம் ஃபிரெடரிக் பிரிட்டனோடு ஒப்பந்தம் செய்தார். அமெரிக்க விடுதலைப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 17,000 பேர் அமெரிக்கா சென்றனர். 1776 நவம்பரில் நியூயார்க்கின் வாஷிங்டன் கோட்டையைப் பிடிப்பதில் இவர்கள் முன்நின்றனர். டிசம்பர் 26 காலை, பனிப்புயலுக்கு நடுவே அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் டிரென்டன் நகரைத் தாக்கியபோது, அங்கிருந்த ஹெஸ்ஸே படையின் தலைவர் கர்னல் ரால் படுகாயமுற்று இறந்தார். சுமார் 900 பேர் சிறைப்பட்டனர். அமெரிக்கா சென்றவர்களில் 10,500 பேர் அளவில்தான் போருக்குப் பின் ஊர் திரும்பினர். மற்றவர்களில் பலரை நோய் கொன்றது. சிலர் அங்கேயே குடியேறினர்.

அமெரிக்கர்கள் இவர்களைக் கூலிப்படை என்றனர். வீரருக்குச் சம்பளம் உண்டு என்றாலும், படைக்கான பெருந்தொகை அரசருக்கே போயிற்று. போர்முனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வீரருக்கு இல்லை. அவரைக் கூலிக்காரர் என்பது பொருந்தாது.

1806இல் நெப்போலியன் நாட்டைக் கைப்பற்றிப் படையைக் கலைத்தார். 1813இல் மீண்டு வந்த மன்னர் முதலாம் வில்ஹெல்ம், வழக்கொழிந்துபோன பின்சடையை வீரர்கள் மறுபடி வளர்க்க வேண்டும் என ஆணையிட்டார்.

1831 அரசியலமைப்பின்படி படை அதிகாரிகள் அதற்கும் உறுதிமொழி எடுத்திருந்தனர். 1850இல் மன்னர் அதை மீற முனைந்தபோது ஏறத்தாழ 240 அதிகாரிகள் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். ஒரு காலத்தில் அரசரின் விற்பனைச் சரக்காக இருந்த படை அரசருக்கே மறுப்புச் சொன்ன இந்த நிகழ்ச்சி, அதன் வரலாற்றில் டிரென்டனைவிடப் பெரியது.

1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த போரில் நாடு ஆஸ்திரியாவின் பக்கம் நின்று தோற்றது. பிரஷ்யா அதை இணைத்துக்கொண்டது. ரெஜிமென்ட்டுகள் புது எண்களுடன் பிரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டன.