கரியில் ஓடிய பஸ்

வண்டியைச் சிக்கனமாக ஓட்டுவது பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் வந்து நிற்கும் கேள்வி, ‘மைலேஜ் எவ்வளவு?’ என்பதுதான். கேள்வியில் குறையில்லை, ஆனால் அந்தக் கணக்கு வண்டிக்காரரின் மணிபர்ஸோடு முடிந்துபோகிறது. கடந்த எண்பது ஆண்டுகளில் நம் சாலைகளில் எரிபொருள் செலவைக் குறைக்க எடுக்கப்பட்ட பெரிய முயற்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவற்றில் சில மட்டுமே செலவை உண்மையில் குறைத்தன. மற்றவை அதை இன்னொருவர் தலையில் இறக்கி வைத்தன. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாததால்தான் ஒவ்வொரு தலைமுறையும் மலிவு என்று எதையோ நம்பி வாங்குகிறது.

முதல் சாட்சி, கரி பஸ். இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் மார்ச் 8 அன்று ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரலில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தானே தகர்த்துவிட்டுச் சென்றது. பர்மா எண்ணெய் நின்றது. இருந்த பெட்ரோலில் ராணுவத்துக்கு முதல் பங்கு, மற்றவர்களுக்கு ரேஷன். பஸ் முதலாளிகள் கரியை நாடினார்கள். டி.வி.எஸ். நிறுவனம் ‘கேஸ் பிளான்ட்’ எனப்பட்ட கரிவாயுக் கலனைத் தானே வடிவமைத்துச் செய்தது. பஸ்ஸின் பின்னால் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று நிற்கும். அதில் மரக்கரியைக் கொட்டி, மூடியை இறுக்கி, தீ வைத்துவிட்டு, கிளீனர் காற்றை உள்ளே ஊதும் ஊதுருளையின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்குவார். கரி கனன்று வாயு பிடிக்கும்வரை பஸ் புறப்படாது. காற்றை அளந்து விட்டால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக மாறும். அதைச் சாம்பல் நீக்கி, குளிரவைத்து, குழாய் வழியே என்ஜினுக்கு அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதிலாக அது எரியும். ஆனால் வரும் வாயுவில் ஏறத்தாழ பாதி, எரியாத நைட்ரஜன். ஆகவே என்ஜினின் வலு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கிவிடும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளியதாகச் சொல்லப்படுவது வெறும் வேடிக்கைக் கதையல்ல. வலுக் குறைந்த என்ஜினுக்கு வேறு வழியில்லை.

முதலாளியின் பேரேட்டில் இது சிக்கனம். பேரேட்டுக்கு வெளியே வேறு கணக்கு ஓடியது. ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். மண் மூடிய கரிமூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க நான்கு முதல் ஆறு கிலோ விறகு போக வேண்டும். அப்படியானால் லிட்டருக்கு ஆறு முதல் ஒன்பது கிலோ மரம். அதோடு ஊதுருளை சுற்றிய கையின் உழைப்பு, பயணியின் நேரம், நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவின் பக்கத்திலேயே நாள் முழுதும் நின்ற கிளீனரின் மூச்சு. போர்க்காலத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான்; ஊர்கள் துண்டுபட்டுப் போகாமல் காத்தது அந்தக் கரிதான். ஆனால் நெருக்கடி, அதை ஏன் செய்தோம் என்பதற்குத்தான் விடை. விலையை யார் கொடுத்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வரத் தொடங்கியதும் அந்தப் பீப்பாய்கள் கழன்று விழுந்தன.

இரண்டாவது சாட்சி டீசல் கார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் உதவட்டும் என்று அரசு டீசல் விலையைத் தாழ்த்தியே வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் இடைவெளி விரிந்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்கும் கீழே இருந்தது. கார் வாங்குவோர் டீசல் பக்கம் திரண்டார்கள். டீசல் என்ஜின் இயல்பிலேயே சிக்கனமானது என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. உண்மை: அதிக அழுத்தத்தில் எரிவதால் அதே எரிசக்தியிலிருந்து கூடுதல் வேலையை அது பிழிந்தெடுக்கும். ஆனால் அந்த லாபம் கார்க்காரருக்கு மிச்சமானதில் ஒரு பகுதிதான். மீதி, அரசும் எண்ணெய் நிறுவனங்களும் சுமந்த நஷ்டம். 2012-13 நிதியாண்டில் டீசலில் மட்டும் அது 90,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதன் பெரும்பகுதி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போனது என்பது சரியே. ஆனாலும் டிராக்டரின் பெயரால் கிடைத்த சலுகையில் சொகுசுக் காரும் ஓடியது. பெட்ரோல் விலை எகிறிய அதே 2012 கோடையில், ஜூன் மாதம், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. கிளீனரின் மூச்சு இப்போது தெருவில் நடப்பவரின் மூச்சாயிற்று. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போனது. இடைவெளி சுருங்கச் சுருங்க, இயல்பான சிக்கனம் என்று சொல்லப்பட்டதன் கவர்ச்சியும் சுருங்கியது. வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த 2020 ஏப்ரலில் மாருதி நிறுவனம் டீசல் கார்களையே விட்டுவிட்டது.

உண்மையான சிக்கனத்துக்குச் சாட்சி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-இல் அதிசய எரிபொருள் எதுவும் இல்லை, அதே பெட்ரோல்தான். அன்றைய அம்பாசிடர் 1,489 சிசி என்ஜினோடு ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது. புதிய கார் 796 சிசி, எடையும் ஏறத்தாழ பாதி. நான்கு பேரைச் சுமக்க எவ்வளவு இரும்பை இழுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது வேறு விடை சொன்னது. மிச்சமான பெட்ரோலை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை; அது எரியவே இல்லை. சின்னக் கார்கள் பெருகி நாட்டின் மொத்த பெட்ரோல் செலவு ஏறத்தானே செய்தது என்பது வலுவான ஆட்சேபம். நிலக்கரி விஷயத்தில் இதே புதிரை ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865-இலேயே எழுதிவிட்டார்: சிக்கனம் ஒரு பொருளை மலிவாக்கும், மலிவு அதன் பயனைப் பெருக்கும். ஆனால் அது எத்தனை பேர் காரில் போக வேண்டும், பஸ் வசதி எப்படி இருக்க வேண்டும் என்ற வேறு வழக்கு. ஒரு கிலோமீட்டரைக் குறைவாக எரித்துக் கடந்தது அதனால் பொய்யாகிவிடாது.

இந்த அளவுகோலை இன்றைய பெட்ரோல் பங்க்கிலும் வைத்துப் பார்க்கலாம். 2030-க்குக் குறித்திருந்த 20 சதவீத எத்தனால் கலப்பை நாடு 2025-இலேயே எட்டியது. அந்நியச் செலாவணி மிச்சம் என்பது உண்மை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு எரிசக்தியே உண்டு என்பதால் மைலேஜ் சற்று இறங்கவே செய்யும். இறக்குமதிக் கணக்கில் கழிந்தது, காரோட்டியின் கணக்கிலும், எத்தனாலுக்கு மூலமான கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்ந்த தண்ணீர்க் கணக்கிலும் ஏறியிருக்கிறது. அந்த மாற்று தகுமா தகாதா என்று வாதாடலாம். பெட்ரோல் தட்டுப்பட்ட நாளில் கரி தகுந்தது போல இதுவும் தகலாம். ஆனால் அதைச் சிக்கனம் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால், ஊதுருளை சுற்றிய கிளீனரைப் போல, விலையைக் கொடுத்தவர் மறுபடியும் கணக்கில் வராமலே போய்விடுவார்.