தவணைப் புள்ளியும் இறுதிப் பெறுபேறும்: ஓர் அமெரிக்க வரலாறு

"சேர், என்ட மகன் ஓ.எல். பாஸாகுவானா?" தவணைப் பரீட்சைப் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்காத வாப்பாமாரை என் ஆசிரியப் பணிக் காலத்தில் நான் கண்டது குறைவு. நியாயமான கேள்விதான். இதே கேள்வியைச் சட்டத்தின் நிர்ப்பந்தத்தில் ஒரு நாடு முழுவதும் கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அண்மைய வரலாறு சாட்சி.

எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடக் கூடாது என்ற பெயரிலான சட்டத்தில் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் 2002 ஜனவரி 8 இல் கையொப்பமிட்டார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலப் பரீட்சை. 2014 ஆகும்போது எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி மட்டத்தை எட்டியிருக்க வேண்டும். (எழுதியவர்கள் ஒரு நாளாவது வகுப்பறையில் நின்று பார்த்தார்களோ தெரியாது.) இலக்கைத் தொடர்ந்து தவறவிடும் பாடசாலைக்குத் தண்டனை படிப்படியாகக் கூடும்.

மாநிலப் பரீட்சை நடப்பதோ ஆண்டின் கடைசியில். பெறுபேறு வரும்போது பிள்ளை அந்த வகுப்பையே விட்டுப் போயிருக்கும். ஆகவே இடையில் வைக்கும் பரீட்சைகளுக்குப் பெரும் கிராக்கி உண்டாயிற்று. அவற்றுள் பெயர் பெற்றது, 1977 இல் தோன்றிய நோர்த்வெஸ்ட் இவாலுவேஷன் அசோசியேஷன் நடத்தும் 'மெப்'. கணினியில் நடப்பது, விடை சரியானால் அடுத்த கேள்வி கடினமாகும், பிழையானால் இலகுவாகும். டென்மார்க்கின் ஜோர்ஜ் ராஷ் 1960 இல் நூலாக வெளியிட்ட அளவீட்டு முறையே இதன் அடித்தளம். எதிர்வுகூறலும் விளங்காத வித்தை அல்ல. ஒரே பிள்ளைகள் இரு பரீட்சைகளிலும் எடுத்த புள்ளிகளை அருகருகே வைத்து, மாநிலத் தேர்ச்சிக் கோட்டுக்கு மெப்பில் எந்தப் புள்ளி ஈடாகிறது என்று பார்ப்பார்கள். மிக மேலே நிற்கும் பிள்ளையைப் பற்றியும் மிகக் கீழே நிற்கும் பிள்ளையைப் பற்றியும் இது பெரும்பாலும் சரியாகச் சொல்லும். கோட்டருகே நிற்கும் பிள்ளைதான் சிக்கல். அளவீட்டுப் பிழையே ஏறத்தாழ 3 புள்ளிகள்.

பாடசாலைகளுக்கு மிகத் தேவைப்பட்டதும் அந்தக் கோட்டருகுப் பிள்ளையே. டெக்சாஸின் ஆரம்பப் பாடசாலை ஒன்றை ஆராய்ந்து ஜெனிஃபர் பூஹர்-ஜெனிங்ஸ் 2005 இல் எழுதிய கட்டுரை இதைக் காட்டுகிறது. இடைப் பரீட்சைப் பட்டியலில் பாஸாவது உறுதியானவர்களுக்குப் பச்சை, முயன்றால் பாஸாகக்கூடியவர்களுக்கு மஞ்சள், நம்பிக்கையற்றவர்களுக்குச் சிவப்பு. மேலதிக வகுப்பும் ஆசிரியரின் நேரமும் மஞ்சளுக்குப் போயின. அப்படியிருக்க, சிவப்புப் பிள்ளை பெயிலானால் எதிர்வுகூறல் பலித்தது என்று எப்படிச் சொல்வது? சிக்காகோ பாடசாலைகள் பற்றி டெரிக் நீலும் டயான் விட்மோர் ஷான்சன்பாக்கும் 2010 இல் வெளியிட்ட ஆய்விலும் நடுவில் நின்றவர்கள் முன்னேறினார்கள். அடியில் நின்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை.

நம்ம பக்கம் நிறம் பூசுவதில்லை. ஆனால் கணிதத்தில் 'எஸ்' எடுக்கக்கூடியவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் தயாரானதை நான் கற்பித்த ஒரு பாடசாலையில் கண்டிருக்கிறேன். மாலை வகுப்பு அவர்களுக்கு மட்டும். மற்றப் புள்ளைகள் மணியடித்ததும் வீட்டுக்குப் போனார்கள்.

அமெரிக்காவில் எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்தே வந்தது. 2013 ஜனவரியில் சியாட்டில் நகரின் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பாடசாலை ஆசிரியர்கள் மெப்பை நடத்த மறுத்தார்கள். கற்பிக்கும் பாடத்தோடு அது பொருந்தவில்லை, கணினி அறைகளைப் பிடித்துக்கொள்கிறது என்றார்கள். ஒன்பதாம் வகுப்பில் எதிர்பார்க்கப்படும் வளர்ச்சியைவிட அளவீட்டுப் பிழை பெரிது என்றும் சொன்னார்கள். எனக்குக் கனமாகப்பட்டது இந்தக் கடைசிக் காரணந்தான். மே மாதத்தில், உயர்நிலைப் பாடசாலைகள் விரும்பினால் மெப்பைக் கைவிடலாம் என்று நகரக் கல்வி நிர்வாகம் அறிவித்தது. 2015 டிசம்பரில் பழைய சட்டம் போய்ப் புதியது வந்தது. வருடாந்தப் பரீட்சை நீடித்தது. ஆண்டுக்குள் வைக்கும் பல பரீட்சைகளைச் சேர்த்து ஒரே இறுதிப் புள்ளியாக்கவும் மாநிலங்களுக்கு அதில் இடம் வைக்கப்பட்டது.