டிஎன்ஏ ரகசியம் முதலில் உடைந்தது ஒரு பப்பிலா? கேம்பிரிட்ஜ் 'ஈகிள்' பப்பும், விடுபட்ட ஒரு பெயரும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பெனட் தெருவில் ஒரு பழைய பப் இருக்கிறது. பெயர் 'தி ஈகிள்'. 1953 பிப்ரவரி 28-ஆம் தேதி பிரான்சிஸ் கிரிக்கும் ஜேம்ஸ் வாட்சனும் டிஎன்ஏ பற்றிய தங்கள் கண்டுபிடிப்பை முதன்முதலில் அறிவித்தது இங்கேதான் என்று வாசல் சுவரில் நீல நிறப் பலகை ஒன்று சொன்னது. அந்தப் பலகையில் யாரோ கையால் ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டுப் போனார்கள்: '+ பிராங்க்ளின்'.

யார் இந்த பிராங்க்ளின்? ஒரு பப் வாசல் பலகைக்கு ஏன் இவ்வளவு சண்டை?

விஞ்ஞானிகளுக்கு பப்பில் என்ன வேலை?

கேம்பிரிட்ஜ் ஒரு கல்லூரி ஊர். ஈகிள் பப் இருக்கும் இடமே கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்குச் சொந்தமானது. 17-ஆம் நூற்றாண்டில் 'ஈகிள் அண்ட் சைல்ட்' என்ற பெயரில் தொடங்கி, குதிரை வண்டிப் பயணிகள் தங்கிப் போகும் விடுதியாக இருந்த இடம் இது.

அங்கிருந்து சில நிமிட நடையில், ஃப்ரீ ஸ்கூல் லேனில் அன்று கேவண்டிஷ் ஆய்வகம் இருந்தது. மதியம் ஆனால் ஆய்வகத்தில் இருப்பவர்கள் சாப்பிட வரும் இடம் ஈகிள். கிரிக்கும் வாட்சனும் பெரும்பாலான நாட்கள் இங்கேதான் சாப்பிட்டார்கள். நம்ம ஊர் ஆபீஸ் பக்கத்து டீக்கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பாதி வேலை அங்கேதான் பேசி முடியும்.

அவர்கள் வேலை பார்த்த ஆய்வுப் பிரிவுதான் பின்னாளில் எம்ஆர்சி மூலக்கூறு உயிரியல் ஆய்வகமாக வளர்ந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசு பெற்றபோது பணியாற்றிக்கொண்டிருந்ததும் அதே ஆய்வகத்தில்தான்.

அன்றைக்கு என்ன நடந்தது?

அது ஒரு சனிக்கிழமை. வாட்சனுக்கு வயது 24, கிரிக்குக்கு 36. காலையில் அட்டையை வெட்டி செய்த துண்டுகளை மேஜையில் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்த வாட்சனுக்கு ஒன்று பிடிபட்டது. அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் ஜோடி சேர்ந்தால் இரண்டு ஜோடிகளும் ஒரே வடிவத்தில் வருகின்றன. முறுக்கிய ஏணிக்கு ஒரே அளவிலான படிகள் கிடைத்த மாதிரி. ஒரு பக்க இழை தெரிந்தால் மறுபக்கத்தை அப்படியே எழுதிவிடலாம். உயிர் தன்னை எப்படி நகல் எடுக்கிறது என்ற கேள்விக்கு அதுவே விடை.

அன்று மதியம் ஈகிள் பப்புக்குள் நுழைந்த கிரிக், உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். இது வாட்சன் 1968-இல் வெளியிட்ட 'தி டபுள் ஹெலிக்ஸ்' புத்தகம் சொல்லும் கதை.

ஆனால் அப்படிச் சொன்னதாகத் தனக்கு நினைவே இல்லை என்று கிரிக் பின்னாளில் எழுதினார்! ஆக, உலகப் புகழ் பெற்ற இந்த பப் காட்சிக்கு முக்கிய சாட்சி வாட்சன் ஒருவர்தான்.

பிராங்க்ளின் எங்கே வருகிறார்?

ரோசலிண்ட் பிராங்க்ளின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எக்ஸ்-ரே மூலம் டிஎன்ஏ-வைப் படம் பிடித்தவர். கேம்பிரிட்ஜ் அவருக்குப் புதிய ஊர் இல்லை. நியூன்ஹாம் கல்லூரியில் படித்தவர், 1945-இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். (பெண்களுக்கு முழு அந்தஸ்துள்ள பட்டங்களை கேம்பிரிட்ஜ் தரத் தொடங்கியதே 1948-இல்தான்.)

அவருடைய வழிகாட்டுதலில் மாணவர் ரேமண்ட் காஸ்லிங் 1952 மே மாதம் எடுத்ததுதான் புகழ்பெற்ற 'போட்டோ 51'. டிஎன்ஏ சுருள் வடிவம் என்பதற்கு தெளிவான அடையாளம் அதில் இருந்தது. 1953 ஜனவரி இறுதியில், பிராங்க்ளினுக்குத் தெரியாமலேயே, அந்தப் படத்தை வாட்சனிடம் காட்டினார் அதே கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ். பிராங்க்ளின் குழுவின் அளவுகள் அடங்கிய ஓர் அறிக்கையும் கேம்பிரிட்ஜ் குழுவின் கைக்கு வந்தது. அந்த அளவுகளைப் பார்த்துத்தான், இரண்டு இழைகளும் எதிரெதிர் திசையில் ஓடுகின்றன என்பது கிரிக்குக்குப் புரிந்தது.

அட்டைத் துண்டுகளை ஜோடி சேர்த்தது வாட்சனின் மூளைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதை வைத்து அந்த ஏணியை நிறுத்தினார்கள் என்பதை பப் கதை சொல்வதே இல்லை.

1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலில் வாட்சன் - கிரிக், அடுத்து வில்கின்ஸ் குழு, மூன்றாவதாக பிராங்க்ளின் - காஸ்லிங். படிக்கிறவர்களுக்கு பிராங்க்ளின் ஏதோ துணைச் சான்று கொடுத்தவர் போலத் தெரிந்தது.

1958-இல், 37 வயதில், புற்றுநோயால் பிராங்க்ளின் இறந்தார். 1962-இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பலகை மாறியது எப்போது?

பழைய நீலப் பலகையை 2003-இல் திறந்து வைத்தவர் வாட்சனேதான். கண்டுபிடிப்பின் பொன்விழா ஆண்டு அது. கிறுக்கலும் விமர்சனமும் தொடர்ந்த பிறகு, எழுபதாம் ஆண்டான 2023-இல் புதிய பலகை வந்தது. அதில் பிராங்க்ளின் பெயர் முறையாகவே இருக்கிறது.

இன்று ஈகிள் பப்புக்குப் போகிறவர்கள் பார்க்க இன்னொன்றும் உண்டு. பின்பக்க அறையின் கூரை முழுக்க, இரண்டாம் உலகப் போர் காலத்து விமானப்படை வீரர்கள் மெழுகுவர்த்திப் புகையாலும் லைட்டராலும் எழுதிவைத்த பெயர்களும் படைப்பிரிவு எண்களும் இருக்கின்றன. அந்தக் கிறுக்கல்களை மட்டும் யாரும் அழிக்கவில்லை. பத்திரமாகப் பாதுகாத்து வருகிறார்கள்.