மக்கரேரே, 1962: ஒரு கையெழுத்துப்படி கைமாறிய மாநாடு

எழுத்தாளர் மாநாடு என்றதும் நம்மில் பலருக்குச் சலிப்பே மேலிடுகிறது. பொன்னாடை, முடிவற்ற வாழ்த்துரை, நேரமின்மையால் பாதியில் நிறுத்தப்படும் கட்டுரை. எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் மாநாட்டின் பயன் மேடையிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை.

1962 ஜூன் மாதம் உகாண்டாவின் கம்பாலா நகரில், மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில், ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் கூடினர். நாடு விடுதலை பெற இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. நைஜீரியாவிலிருந்து சினுவா அச்சிபி, வோலே சோயிங்கா, கவிஞர் கிறிஸ்டஃபர் ஒகிக்போ வந்திருந்தனர். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியிலிருந்து வெளியேறிய எஸெக்கியேல் எம்ஃபலேலே, லூயிஸ் நிகோசி, பிளோக் மொடிசேன் ஆகியோரும் இருந்தனர். மண்ணையும் தம் வாசகரையும் ஒருசேர இழந்தவனுக்குச் சக எழுத்தாளர்களோடு சில நாள் அமர்ந்து பேசுவது எத்தகைய ஆறுதல் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அக்கல்லூரியில் பயின்ற ஜேம்ஸ் கூகி என்னும் மாணவருக்கும் அழைப்பு இருந்தது. அச்சேறிய இரண்டொரு சிறுகதைகளே அவருடைய தகுதி. கையில் ஒரு நாவலின் கையெழுத்துப்படி இருந்தது. தமிழில் 'சிதைவுகள்' என நாம் அறிந்த நாவலால் அதற்குள் புகழ்பெற்றிருந்த அச்சிபியிடம் அதைப் படிக்கக் கொடுத்தார். அச்சிபி படித்தார், கருத்துச் சொன்னார், ஹைன்மன் பதிப்பகத்திற்குப் பரிந்துரைத்தார். 1964இல் 'அழாதே, குழந்தாய்' என்ற பொருள்படும் தலைப்போடு அந்நூல் வெளிவந்தது. ஹைன்மனின் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசைக்கு அச்சிபியே ஆலோசக ஆசிரியராகி, 1972 வரை அப்பொறுப்பில் இருந்தார். பதிப்பாளரின் முகவரியும் அறியாத இளைஞனுக்கு ஆண்டுக்கணக்கில் தபாலில் நடந்திருக்க வேண்டிய காரியம், அங்கே சில நாட்களில் நடந்துவிட்டது.

இனி மறுபக்கம். மாநாட்டிற்குப் பணம் தந்தது 'பண்பாட்டுச் சுதந்திரத்திற்கான காங்கிரஸ்' என்னும் அமைப்பு. அதன் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. இருந்தது 1966, 67 ஆண்டுகளில் அம்பலமாயிற்று. இதனாலேயே மாநாடு பொய்யாகிவிட்டது என்று நாம் கருதவில்லை. பணம் கொடுத்தவர்கள் எதிர்பார்த்ததும் அங்கே விளைந்ததும் ஒன்றல்ல.

அதைவிடக் கூர்மையானது மொழிக் கேள்வி. ஸ்வாஹிலியின் பெருங்கவிஞரும் அதே 1962இல் மறைந்தவருமான ஷாபான் ராபர்ட்டுக்கு அந்த மாநாட்டில் இடமில்லை. யொருபா நாவலாசிரியர் ஃபாகுன்வாவுக்கும் இல்லை. இருவரும் ஆங்கிலத்தில் எழுதவில்லை என்பதே காரணம். மறு ஆண்டே ஓபி வாலி என்ற நைஜீரியர், கம்பாலாவிலிருந்து வந்த 'டிரான்ஸிஷன்' இதழில், ஐரோப்பிய மொழிகளில் எழுதப்படும் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தில் போய் நிற்கும் என்று எழுதினார். (அவ்விதழை 1961இல் தொடங்கியவர் வங்காள வழிவந்த ரஜத் நியோகி என்பது நமக்குச் சற்று நெருக்கமான செய்தி.) விவாதம் சூடுபிடித்தது, அச்சிபி ஆங்கிலத்தின் பக்கமே நின்றார்.

அந்த மாணவர் நிற்கவில்லை. கூகி வா தியாங்கோ எனப் பெயரை மாற்றிக்கொண்ட அவர், கிகுயு மொழியில் நாடகம் போட்டதையொட்டி 1977 இறுதியில் சிறைப்பட்டார். அங்கே கழிப்பறைத் தாளில் கிகுயு மொழியிலேயே ஒரு நாவல் எழுதினார். நம் வாசகர்கள் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று படித்தது அதுதான். 1986இல் ஆங்கிலத்திற்கு விடைகொடுத்து அவர் எழுதிய கட்டுரை நூலும் மக்கரேரே மாநாட்டு நினைவோடுதான் தொடங்குகிறது. இரண்டு சிறுகதைகளோடு தாம் உள்ளே இருக்க, ஷாபான் ராபர்ட் ஏன் வெளியே இருந்தார் என்று அதில் கேட்கிறார்.