புள்ளலூர்ப் போர்

நம் காஞ்சிமாநகரின் பெருமையைப் பேசுமிடத்துக் கோயில்களையும் பட்டையும் சொல்லி நிறுத்துவது நமக்கு வழக்கமாயிற்று. நகருக்கு வடபால் சில மைல் தொலைவிலுள்ள புள்ளலூரைப்பற்றி நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பார் அரியர். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் எனக் காசாக்குடிச் செப்பேடு கூறும். அவ்வூரிலேயே 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், மலைக்கு மேலுள்ள மைசூர் இராச்சியமும், துணி வாங்கவந்து நாடாளத் தொடங்கிய ஆங்கிலக் கும்பினியும் பொருதன. அதுகாறும் கும்பினியார் இந்நாட்டில் அடைந்த தோல்விகளுள் இதுவே மிகக் கொடியது என்பர்.

இப்பகைக்குக் காரணம் யாதெனின், 1769-இல் ஐதர் அலியுடன் செய்த உடன்படிக்கையில், ஒருவருக்கொருவர் உதவுவோம் எனக் கும்பினியார் கையொப்பமிட்டனர். பின்னர் மராட்டியர் மைசூர்மீது படையெடுத்தபோது வாளாவிருந்தனர். 1779-இல் ஐதரின் பாதுகாப்பிலிருந்த மாஹி துறைமுகத்தையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். ஐதர் 1780 ஜூலையில் சுமார் 80,000 பேருடன் செங்கம் கணவாய்வழியே இறங்கினார். சென்னைக் கவுன்சிலாரோ, ஊர்கள் தீப்பற்றி எரிவதைக் கேட்கும்வரையில் இதனை நம்பினாரில்லை.

சேனாதிபதி ஹெக்டர் மன்றோ (பின்னாளில் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ வேறு) ஐயாயிரத்துச் சொச்சம் பேருடன் காஞ்சியில் வந்து தங்கினான். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி 2,800 பேருடன் வந்து அவனோடு சேரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆகஸ்டு 25-இல் கொற்றலையாற்றின் வடகரையை அடைந்த பெய்லி, எளிதில் கடக்கலாயிருந்தும் அன்றிரவு அக்கரையிலேயே பாளையமிறங்கினான். இரவில் வெள்ளம் பெருகிற்று. செப்டம்பர் தொடக்கம்வரை ஆறு வழிவிடவில்லை. ஒரு நாளைச் சோம்பல் ஒரு சைனியத்தை விழுங்கிற்று என்றே எமக்குத் தோன்றுகிறது.

6-ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு அவனை மறித்தார். மன்றோ தான் நேரே செல்லாமல், பிளெட்சர் என்பானுடன் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினான். காஞ்சியிற் சேர்த்துவைத்த அரிசியையும் பெரும் பீரங்கிகளையும் விட்டுச் செல்ல இயலாது என்பது அவன் கூறிய காரணம். 9-ஆம் நாள் இரவு புறப்பட்ட பெய்லி, விடியட்டும் என்று மீண்டும் வழியில் நின்றான். விடிந்தபோது திப்புவின் படையோடு ஐதரின் பெருஞ்சேனையும் சூழ்ந்துகொண்டது. மைசூராரின் வாணங்களும் பீரங்கிகளும் இடைவிடாது முழங்கின. கும்பினியாரின் மருந்துவண்டிகள் வெடித்துச் சிதறின. அதன்பின் துப்பாக்கிக்கு மருந்தின்றிச் சிலமுறை எதிர்த்துநின்று, பெய்லி சரணடைந்தான். பிளெட்சர் மாண்டான். பெய்லி 1782-இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தான்.

வெடியோசை கேட்டு மன்றோ புறப்பட்டு வந்து, செய்தி அறிந்து பாதிவழியே திரும்பினான். மறுநாள், பெரும் பீரங்கிகளைக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கி ஓடினான். எந்த அரிசிக்காகப் பெய்லியைக் கைவிட்டானோ அந்த அரிசியும் மிஞ்சவில்லை.

இனி நம்மவர் நிலையை எண்ணுவோம். கும்பினியின் வாணிகம் நெசவாளன் கைத்தறியை நம்பியிருந்தது. 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளர் குடியேறவென்றே உண்டாக்கினர். ஐதரோ, எதிரிக்குத் துணியும் தானியமும் கிட்டலாகாதெனச் சென்னையைச் சூழ்ந்த நாட்டைக் கொளுத்தினார். வெள்ளையரை வென்றார் என்பதற்காக மைசூராரை மட்டும் புகழ்ந்து இதனை மறைத்தல் சரித்திரமாகாது. தறி நின்ற வீட்டில் வென்றவன் பெயரும் தோற்றவன் பெயரும் ஒன்றே. பஞ்சம் தொடர்ந்தது. சென்னையில் மணியக்காரர் சத்திரம் 1782-இல் கஞ்சி வார்க்கத் தொடங்கியது அப்பஞ்சத்தினால்தான்.

1781 ஆகஸ்டு 27-இல், ஐதர் தமக்கு வெற்றி தந்த அதே புள்ளலூரில் மீண்டும் நின்று அயர் கூட்டை எதிர்த்தார். இம்முறை களம் கும்பினியார் வசமாயிற்று. ஆயினும் பெரும்பயன் அவர்க்குமில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஐதர் சித்தூரருகே காலமானார். 1784-இல் மங்களூர் உடன்படிக்கையால் இருதிறத்தாரும் பிடித்த இடங்களைத் திருப்பித் தந்தனர்.

புள்ளலூரில் இன்று காணத்தக்கவை, 1781-இல் மடிந்த கும்பினி அதிகாரிகள் இருவர்க்கு எழுப்பிய நினைவுத்தூண்கள். முதற்போரைக் காண விரும்பும் அன்பர்கள் சீரங்கப்பட்டணம் செல்லும்போது தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரைப் பார்க்க. வெடிக்கும் மருந்துவண்டியும் பல்லக்கில் அமர்ந்த பெய்லியும் அங்கே வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன.