உருகிய உலோகத்தில் ஒரு சிட்டிகை உப்பு



1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹோலும், பிரான்ஸில் போல் எருவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தினால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். அதன் பின்னர் அரும்பொருளாயிருந்த அவ்வுலோகம் மலிந்தது. எடை குறைந்த அதனைக் கொண்டு இயந்திர உறுப்புக்களை வார்க்கலாமெனப் பலரும் முயன்றனர். ஆனால் தூய அலுமினியம் மிக மென்மையானது. அச்சினுள் நன்கு பாய்ந்து நிரம்புவதுமில்லை.

அதனுடன் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு சிலிக்கனைக் கலந்தால் இக்குறை நீங்கும். 660 பாகை செல்சியசில் உருகும் அலுமினியம், இக்கலவையாகும்போது ஏறத்தாழ 577 பாகையிலேயே உருகி, நீர்போலப் பாயும். ஆயினும் வேறொரு குறை தோன்றிற்று. வார்ப்பு ஆறும்போது சிலிக்கன் கூரிய தகடுகளாகப் படிந்தது. அத்தகடுகளின் ஓரமாகவே வெடிப்புத் தொடங்கும். ஆதலால் வார்ப்பு வளையாது. ஓங்கி அடித்தால் நொறுங்கும்.

இதற்குப் பரிகாரம் கண்டவர், ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவில் தொழில் புரிந்த அலாதார் பாட்ஸ் என்பவர். மின்விளக்கிற்குரிய தங்குதன் இழைகளை ஆராய்ந்தவரும் இவரே. உருகிய கலவையில் சோடியம் புளோரைட்டு என்னும் உப்பினை இட்டதும், வார்ப்பு முன்னிலும் உறுதியாகவும் வளையுந் தன்மையோடும் அமைந்தது. 1920இல் இவர் விண்ணப்பித்த காப்புரிமை 1921இல் வழங்கப்பட்டது. ஜெர்மனியில் இவ்வகைக் கலவை 'சிலுமின்' என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது.

உப்பிலிருந்து பிரிந்த சோடியமே இம்மாற்றத்தை விளைத்தது. உலோகத்தில் அது தங்கும் அளவு 10,000 பங்கில் ஓரிரு பங்குதான். சிலிக்கனின் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. அதன் உருவமே மாறிற்று. தகடாக வளர்ந்தது, பவளக்கொடி போன்று கிளைத்த நுண்ணிழையாயிற்று. சுவருக்குக் குழைத்த மண்ணிலே ஓட்டுத் துண்டுகளைச் சேர்ப்பதற்கும், நறுக்கிய வைக்கோலைச் சேர்ப்பதற்குமுள்ள வேறுபாட்டினை இதற்கு ஒப்பிடலாம்.

எனினும் சோடியம் நிலையாது. உருகிய உலோகத்திலிருந்து ஆவியாகிக் கழியும். ஒரே கலத்திலிருந்து முதலில் வார்த்தது உறுதியாயிருக்க, தாமதித்து வார்த்தது நொறுங்கத்தக்கதாகலாம். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. ஓடும் வண்டியின் உறுப்பொன்று இவ்வாறு அமைந்துவிடின், அதன் விளைவை யான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, நெடுநேரம் நிலைக்கும் துரந்தியம் என்னும் மூலகம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருவழக்காயிற்று. இன்று மோட்டார் வண்டிகளின் அலுமினியச் சில்லுகள் பலவற்றில் அது சேர்ந்துள்ளது.

இத்துணைச் சிறிய அளவு இத்துணைப் பெரிய மாற்றத்தைச் செய்வது எங்ஙனம்? பல கொள்கைகள் எழுந்தன. ஒன்றும் ஐயமற நிலைபெறவில்லை. 1987இல் லூ, ஹெலவெல் என்னும் அறிஞர் இருவர், வளரும் சிலிக்கன் பளிங்கின் படிகளிலே இவ்வணுக்கள் ஒட்டி, அதன் வளர்ச்சித் திசையை அடிக்கடி திருப்பிவிடுகின்றன என விளக்கினர். அதன் பின்னரும் ஆராய்ச்சி ஓய்ந்திலது.

காப்புரிமைக்கும் இவ்விளக்கத்துக்கும் இடையே 66 ஆண்டுகள் கழிந்தன. அக்காலமெல்லாம் வார்ப்புச்சாலைகள் காரணம் தெரியாமலே, உடைத்த முகத்தின் மணியைக் கண்ணாற் பார்த்துப் பதமறிந்து தொழில் செய்தன. கைத்தொழிலறிவு ஏட்டறிவுக்குத் தாழ்ந்ததென எண்ணுவோர் நம்மிடையே பலர். இங்கே கை முன்னே சென்றது. ஏடு பின்னே வந்தது. நம் மாணவருக்கு இதனையும் நாம் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.