சட்டத்தைச் சுட்டும் முறை

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற ஒருவர் இன்று ஒரு சட்டத்தைப் பெயராலும் வருஷத்தாலும் பிரிவு எண்ணாலும் சுட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குச் சென்றுவிடுகிறார்; அவருக்கு இத்தனை எளிதாய் வாய்த்திருக்கும் இம்முறை, இங்கிலாந்திலே பல நூற்றாண்டுகள் நிலவிய சிக்கலினின்று சிறிது சிறிதாக விடுபட்டு வந்ததாகும்.

ஆதியில் அங்கே சட்டங்களுக்குப் பெயரிடுவதில் ஒரு நியதி இருக்கவில்லை. 1275-ஆம் வருஷத்துச் சட்டம் பார்லிமெண்டு கூடிய இடத்தின் பெயரால் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் என்று வழங்கிற்று. 1290-ஆம் வருஷத்து நிலச் சட்டமோ தன் லத்தீன் வாசகத்தின் முதலிரு சொற்களால் ‘க்வியா எம்ப்டோரஸ்’ எனப்பட்டது. நாளடைவில், ஒரு கூட்டத்தொடரில் நிறைவேறியவை யாவும் சேர்ந்து ஒரே சாசனம் என்றும், ஒவ்வொரு சட்டமும் அதில் ஓர் அத்தியாயம் என்றும் பாவித்து, இன்ன அரசரின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இத்தனையாவது அத்தியாயம் என்று குறிக்கும் சம்பிரதாயம் வேரூன்றியது.

சென்னை ஹைகோர்ட்டுக்கு ஆதாரமான 1861-ஆம் வருஷத்து இந்திய ஹைகோர்ட்டுகள் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விக்டோரியா மகாராணியார் பட்டமெய்தியது 1837 ஜூன் 20-ஆம் தேதி. ஆதலின் ஆண்டுதோறும் அத்தேதியில் புதிய ஆட்சியாண்டு பிறக்கும். 1861 பிப்ரவரியில் தொடங்கிய கூட்டத்தொடர் ஆகஸ்டு வரை நீடித்து இரண்டு ஆட்சியாண்டுகளைத் தழுவியமையால், ‘24, 25 விக்டோரியா, அத்தியாயம் 104’ என்பதே அச்சட்டத்தின் முறையான அடையாளமாயிற்று. இரண்டாம் சார்லஸ் விஷயத்தில் இக்கணக்கும் மயக்கம் தரும். அவர் 1660-இல்தான் நாடு திரும்பி ஆளத் தொடங்கினாரெனினும், அவர் தந்தை சிரச்சேதம் செய்யப்பட்ட 1649-ஆம் வருஷத்திலிருந்தே அவருடைய ஆட்சி எண்ணப்பட்டபடியால், தனிமனித சுதந்திரத்துக்கு அரணாகிய 1679-ஆம் வருஷத்து ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம் ‘31-ஆம் ஆண்டு’ என்ற எண்ணையே தாங்கி நிற்கிறது.

இத்தொல்லையை உணர்ந்து, 1896-ஆம் வருஷத்துக் குறும்பெயர்ச் சட்டம் சுமார் 2,000 பழைய சட்டங்களுக்குப் பெயர் சூட்டிற்று. எனினும் ஆட்சியாண்டுக் கணக்கு 1963 தொடக்கத்தில்தான் அங்கே கைவிடப்பட்டது.

இந்தியாவிலோ, கவர்னர் ஜெனரலின் சபை 1834 முதலே காலண்டர் வருஷத்தையும் வரிசை எண்ணையும் கொண்டு தன் சட்டங்களைக் குறித்துவந்தது. இந்தியன் பீனல் கோடு 1860-ஆம் வருஷத்து 45-ஆவது சட்டம் என்றால், பட்டமெய்திய தேதியைத் தேட வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. பெயராலோ, எண்ணும் வருஷமும் கொண்டோ சுட்டலாம் என்று 1897-ஆம் வருஷத்து ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 28-ஆவது பிரிவும் வகுத்துள்ளது. சுதந்திரத்தைப் பறித்துக்கொண்ட ஆட்சியே வைத்துச் சென்றதாயினும், இந்த எளிமை போற்றத்தக்கதேயாகும்.

ஆயினும் வருஷத்தை விட்டுவிட்டால் இந்த எளிமை பயனற்றுப்போகும். லிமிடேஷன் சட்டம் என்ற பெயரில் 1859, 1871, 1877, 1908, 1963 ஆகிய வருஷங்களில் ஐந்து சட்டங்கள் தோன்றியுள்ளன. வழக்கிடுவதற்குரிய காலவரம்பு சட்டத்துக்குச் சட்டம் மாறக்கூடுமாகையால், வெறும் பெயரை மட்டும் எழுதும் ஆசிரியர், தம் வாதம் எந்தக் காலத்து நியாயத்தைப் பற்றியது என்பதையே சொல்லாமல் விட்டவராகிறார். வாசகன் தானே மூலத்தைத் திறந்து சரிபார்க்க இயல வேண்டும் என்பதே ஆராய்ச்சியின் தர்மம். நான்கு இலக்கங்களில் எழுதப்படும் வருஷம் அந்த தர்மத்தை நிறைவேற்றுகிறது.